கார் வராத பாதையில் பதினான்கு கிணறுகள்

போன மாதம் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கமிருந்து மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். அங்கே கம்பஸில், பல்கலைக்கழகத்தில், படித்து முடித்தவர்கள். வெளிநாட்டுக்காரருக்குச் சைக்கிளில் யாழ்ப்பாணம் காட்டப் போகிறார்களாம். கார், பஸ் தொல்லை இல்லாத பாதைகள் வேண்டுமாம். "உந்த வேலையை ஐயா அந்தக் காலத்திலையே செய்தனீங்களாம்" என்றார்கள். ஓம், செய்தேன். பத்து வருடத்துக்கு மேல் செய்தேன். கைத்தொலைபேசியில் ஒரு படத்தை விரித்துக் காட்டினார்கள். ஒழுங்கைகள், சந்துகள் எல்லாம் நூல் நூலாகத் தெரிந்தன. வடிவான படம்தான், குறை சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று குறுக்குப் பாதைகளைக் காட்டி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லையே என்று மனம் குறுகுறுத்தது. அதுதான் எழுதுகிறேன்.

ஐம்பத்தாறில் தந்திச் சேவகனாக வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலையைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. காக்கிச் சட்டையோடு சைக்கிளில் என்னைக் கண்டாலே பெண்கள் நெஞ்சில் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். பிறகு பிரித்துப் பார்த்தால் மருமகனுக்குப் பிள்ளை பிறந்த செய்தியாக இருக்கும். பதினான்கு வருடம் அப்படி ஓடினேன். எந்த ஒழுங்கை எந்த ஒழுங்கையில் ஏறும், எந்த வீட்டு வளவு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி, எல்லாம் தெரிந்துபோயிற்று. எனக்கு இருந்த ஒரே படிப்பு அதுதான்.

அந்தப் படிப்புக்கு விலை இருக்கிறது என்று கண்டவர் அம்பலவாணர் ஐயா. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதாம் ஆண்டளவில் ஒரு இத்தாலியத் தம்பதி அவருடைய வீட்டு முன்னறையில் ஒரு கிழமை வாடகைக்கு இருந்தது. தங்கள் நாட்டில் விடுமுறை வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை அணைக்கட்டுகளிலும் தோட்டப் பாதைகளிலும் நாள் கணக்காக ஓடுவோம், ஒரு கார் கண்ணில் படாது, இங்கேயும் அப்படி ஓடலாம்போல் இருக்கிறதே என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஐயாவுக்கு அது மூளைக்குள் பூந்துவிட்டது. பின் கொட்டிலில் பன்னிரண்டு சைக்கிள் வாங்கி நிறுத்தினார். பாதை சொல்ல என்னை எடுத்தார். சைக்கிள் திருத்த மாணிக்கத்தை எடுத்தார்.

மாணிக்கத்தை அந்தக் காலத்தில் நான் "அவன்", "நீ" என்றுதான் சொன்னேன். இப்போது எழுதும்போது "அவர்" என்று வருகிறது. வரட்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவர். என்னை "ஐயா" என்பார். எங்கள் ஊரில் "நீங்கள் எவடம்?" என்று கேட்பவர் ஊரை மட்டும் கேட்பதில்லை, ஆர் ஆட்கள் என்றும் சேர்த்துத்தான் கேட்கிறார். மாணிக்கத்தை நான் ஒருநாளும் எவடம் என்று கேட்டதில்லை. கேட்காமலே தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

ஐயா எங்களை வேலை வாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். சத்தம் போடமாட்டார். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். கோபம் வந்தால் அதை எடுத்துச் சீவத் தொடங்குவார். சீவல் கூடக் கூட நாங்கள் கொட்டில் பக்கம் நகருவோம். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது: "கண்டது பாதி, கேட்டது பொய். சில்லு உருண்டால்தான் பாதை. நாக்கு நனைஞ்சால்தான் கிணறு."

ஒரு பாதையை, விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் வழி அட்டையில் ஏற்றுவதற்கு முன் மூன்று தரம் ஓட வேண்டும்: காலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை. முன் சில்லுக் கம்பியில் சிவப்புத் துணி கட்டிச் சுற்றை எண்ண வேண்டும். இருபத்தெட்டு அங்குலச் சில்லுக்கு எழுநூற்றிருபது சுற்று ஒரு மைல். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை வலது பொக்கற்றிலிருந்து இடது பொக்கற்றுக்குப் போகும். நடுவில் ஆராவது மறித்துக் கதைத்தால் எண்ணிக்கை தப்பிவிடும், திரும்பவும் கடைசியாகக் குறித்த மதகடியிலிருந்து வர வேண்டும். அந்த நாளில் எத்தனையோ சொந்தக்காரர் என்னைக் கண்டும் காணாமல் போகிறான் என்று கோபித்திருக்கிறார்கள்.

அடையாளமாக வேலி மரத்தை எழுதக்கூடாது. முதல் அட்டையில் நான் "பெரிய பூவரசு நிற்கும் வேலியில் இடப்பக்கம் திரும்பவும்" என்று எழுதியிருந்தேன். புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாக இலைகுழை வெட்டும் காலம் வந்தது, பூவரசு மொட்டைக் கதியாலாக, வெறும் வேலிக்கம்பாக நின்றது. ஒரு சுவிஸ்காரர் பூவரசைத் தேடித் தேடி மூன்றாம் ஊர்ச் சுடலைக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு கோயில், மதகு, சுமைதாங்கி மட்டும்தான்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை கிணறு. வாடகைச் சைக்கிளில் தண்ணீர்ப் போத்தல் வைக்க இடமில்லை. அதனால் இரண்டு மைலுக்குள் ஒரு கிணறு அட்டையில் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு வளவுத் தண்ணீர் கற்கண்டாக இருக்கும், அடுத்த வளவுத் தண்ணீர் வாயில் வைக்க ஏலாது. நான் ஒவ்வொரு வளவாகப் போய், அள்ளி, வாயில் வைத்துப் பார்த்தேன். கால் கழுவ மட்டும் என்றால் ஒரு வட்டம். குடிக்கலாம் என்றால் இரண்டு வட்டம். தித்திப்பு என்றால் மூன்று. வீட்டுக்காரர் சந்தோசமாக விடுவார்கள். தங்கள் தண்ணீர் நல்லதென்று ஒருவன் எழுதிக்கொண்டு போவதில் ஆருக்குத்தான் பெருமை இல்லை? இரண்டு வட்டம் போட்டதற்காக என்னோடு கோபித்த ஒரு உடையார் வீடும் உண்டு.

அப்படிச் செய்த பாதைகளில் ஆகச் சிறந்தது அரியாலையில் தொடங்கிப் பருத்தித்துறையில் முடியும் பாதை. இருபத்துநாலு மைல், பதினான்கு கிணறு. செம்மணி வெளி, இருபாலை, கோப்பாய், நீர்வேலி வாழைத் தோட்டங்கள், புத்தூர், அச்சுவேலி. வல்லை வெளியில் மட்டும் பஸ் ஓடும் வீதியில் ஏற வேண்டும், வேறு வழியில்லை. திரும்பி வரும்போது சைக்கிள்களைப் பஸ்ஸின் மேலே ஏற்றிவிடுவோம். நான் முன்னால் போவேன். விருந்தாளிகள் நடுவில். பம்பும் திருத்து ஆயுதப் பையுமாக மாணிக்கம் கடைசியில்.

மூன்று வருடம் அப்படி ஓடினோம். தேத்தண்ணிக் கடைகளில் ஆர் எந்த வாங்குப் பலகையில் இருக்கலாம், எந்தப் பேணியில் தேத்தண்ணி குடிக்கலாம் என்று அடிபிடி நடந்து கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். பத்திரிகையில் வாசித்து, இந்தச் சனம் எப்போது திருந்தும் என்று நானும் தலையாட்டியிருக்கிறேன்.

ஒரு ஆடி மாதம். இத்தாலியிலிருந்து ஐந்து பேர். அதில் லூச்சியா என்ற பள்ளிக்கூட ஆசிரியை, ஐம்பது வயது இருக்கும். கேள்வி என்றால் கேள்வி. வேலி ஏன் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிறது, மாட்டின் கழுத்தில் ஏன் கட்டை தொங்குகிறது, எல்லாம் தெரிய வேண்டும். வழியில் ஒரு முந்திரிகைப் பந்தலைக் கண்டு, தன் ஊர்த் திராட்சைத் தோட்டம் நடந்து வந்துவிட்டது என்று சிரித்தார். இதில் சாராயம் வடிப்பீர்களா என்று தோட்டக்காரரைக் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவர் கந்தசஷ்டி விரதகாரர்.

நீர்வேலியில் ஒருவரின் சில்லுக்குக் காற்றுப் போயிற்று. மாணிக்கம் ரியூப்பைக் கழற்றி ஒட்டினார். ஒட்டும்போது அவருடைய பைக்குள்ளிருந்து ஒரு சோடாப் போத்தல் உருண்டு மதகில் பட்டு உடைந்தது. அது அவருடைய தண்ணீர். நான் உடைந்த கண்ணாடியைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினேன். வேறொன்றும் யோசிக்கவில்லை.

அதற்கு அடுத்த கிணற்றில்தான் லூச்சியா என்னைக் கேட்டார். கடைசியில் வருபவர் ஏன் குடிக்கவில்லை? வேலிப் படலைக்கு வெளியே வெயிலில் ஏன் நிற்கிறார்? "அவருக்குப் பழக்கம் அப்படி" என்றேன். அதற்கடுத்த கிணற்றிலும் அவர் திரும்பி மாணிக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆடி மாதத் தென்மேற்குச் சோளகக் காற்று முதுகுப் பக்கத்திலிருந்து தள்ளியது. அது நல்லது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நாங்கள் போகும் வேகத்துக்கே காற்றும் வந்தால் உடம்பில் ஒரு சொட்டுக் காற்றும் படாது, வெயில் மட்டும் படும். வல்லை வெளியின் நடுவில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மாணிக்கம் சைக்கிளோடு சரிந்து கிடந்தார். கண் செருகியிருந்தது. தொட்டால் அடுப்புக்கல் மாதிரிச் சூடு, வியர்வை இல்லை. அந்த வெளியில் ஒரு மரமும் இல்லை, ஒரு வீடும் இல்லை. சுற்றிவரக் கடல்நீரேரி, உப்புத் தண்ணீர்.

கடைசிக் கிணறு ஒரு மைல் பின்னால், அச்சுவேலி எல்லையில். என் மாமி முறையானவரின் வளவு. மூன்று வட்டம். எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு ஓடினேன். மாமி செம்பில் அள்ளித் தரும்போது கேட்டார்.

"ஆருக்கு மோனை?"

"வெள்ளைக்காரருக்கு, மாமி."

உண்மையைச் சொல்லியிருந்தால் தண்ணீர் தராமல் விட்டிருக்க மாட்டார். தந்திருப்பார், சிரட்டையில். அதில் ஒரு மைல் கொண்டுபோக முடியுமா? இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு ஓடினேன். ஆனால் பொய் என் வாயில் எவ்வளவு சுகமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்.

லூச்சியா மாணிக்கத்தின் தலையை மடியில் வைத்துத் தொப்பியால் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தார். நான் செம்பைக் கிட்டக் கொண்டுபோனேன். மாணிக்கம் அரைக்கண் திறந்து செம்பைப் பார்த்தார். வாயை இறுக்கி மூடினார். பிறகு இரண்டு கையையும் சேர்த்து, குழித்து, வாய்க்குக் கீழே பிடித்தார். நினைவு பாதி இல்லை. கைகளுக்கு மட்டும் நினைவு இருந்தது. லூச்சியா அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். என் கையிலிருந்து செம்பைப் பறித்து அவருடைய உதட்டில் வைத்தார். குடித்தார். நான் நின்று பார்த்தேன்.

பருத்தித்துறைக்குப் போன ஒரு லொறி மாணிக்கத்தை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிற்று. மறுநாள் நல்லாக இருந்தார். லூச்சியா போகும்வரை என்னிடம் மேலே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நூறு கேள்வி கேட்ட மனுசி அது.

ஐயாவிடம் நடந்ததை ஒப்புவித்தேன், மாமிக்குச் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் பென்சிலை எடுத்தார். சீவினார். பாதிப் பென்சில் சீவலாகக் கீழே விழுந்தது.

"உந்தப் பதினாலு கிணத்திலையும் எத்தினையிலை மாணிக்கம் குடிச்சிருக்கிறான்?"

"தெரியாது, ஐயா."

"எவ்வளவு காலமா உன்னோடை ஓடுறான்?"

"மூண்டு வருசம்."

இன்னும் கொஞ்சம் சீவினார். என்னை ஏசப் போகிறார் என்று நின்றேன். அவர் தன் பாட்டில் சொன்னார்: "நான் முப்பது வருசம் காணி அளந்தனான். எனக்குச் சங்கிலி இழுத்தவங்கள் எங்கை தண்ணி குடிச்சவங்கள் எண்டு எனக்கும் தெரியாது."

மாணிக்கம் வேலைக்கு வந்தபோது, இனிக் கொட்டிலோடு நிற்கிறேன், றோட்டுக்கு வேண்டாம் என்றார். தன்னால் எங்களுக்கு வில்லங்கம் என்றார். ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. உனக்காக இல்லை, அட்டை பிழை, பிழையான அட்டையை நான் வைத்திருக்க மாட்டேன் என்றார். அளவையாளர் ஒரு கோட்டைச் சரிபார்ப்பதென்றால் மறுமுனையிலிருந்து அளந்து வருவார்கள். அப்படியே இரண்டு பேரும் பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போய் அங்கிருந்து ஓடி வர வேண்டும். மாணிக்கம் முன்னால், நான் பின்னால். அட்டையும் பென்சிலும் மாணிக்கத்தின் கையில். அவர் குடித்த கிணற்றுக்கு மட்டும்தான் வட்டம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாய் திறக்கப்படாது. படலைக்கு வெளியாலை நிண்டு பார்" என்றார்.

பார்த்தேன். எனக்குத் தெரியாத யாழ்ப்பாணம் ஒன்று அந்தப் பாதையிலேயே இருந்தது. பருத்தித்துறைக் கடற்கரை வீடொன்றில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பெண், எவடம் என்று கேட்காமல் பேணியில் கொடுத்தாள். அடுத்த வீட்டில் கையில் ஊற்றினார்கள். மாணிக்கம் கையில் வாங்கவில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்து அட்டையில் அந்தக் கிணற்றின் மேல் கோடு போட்டார். மாமியின் வீட்டில் மாமி மாணிக்கத்தைப் பார்த்தார், அவருக்குப் பின்னால் படலையில் நின்ற என்னைப் பார்த்தார். செம்பின் கதை அவருக்கு அந்த இடத்தில் விளங்கியிருக்க வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கோடு. அச்சுவேலியில் ஒரு மாதா கோயில் கிணறு, அட்டையில் இல்லாதது. மாணிக்கம் தானே அள்ளிக் குடித்தார். புத்தூரைத் தாண்டி ஒரு பழைய இரும்பு வியாபாரி, பட்டணத்துச் சோனகர், கடை போட்டிருந்தார். தன் மண்பானையைக் காட்டி, "எடுத்துக் குடி காக்கா" என்றார், அண்ணனை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இந்த இடங்களெல்லாம் மாணிக்கத்துக்கு முதலே தெரிந்திருந்தன. கேட்டேன், ஏன் இத்தனை நாளும் சொல்லவில்லை? வாய் திறக்கப்படாது என்ற கட்டளையை மறந்து கேட்டேன். "நீங்கள் தண்ணியைப் பற்றித்தானே கேட்டனீங்கள், ஐயா" என்றார்.

செம்மணி வெளிக்கு வரும்போது என் பதினான்கு கிணற்றில் பன்னிரண்டை முடித்திருந்தோம். மூன்றுக்கு வட்டம். ஒன்பதுக்குக் கோடு. பதின்மூன்றாவது, அரியாலைக் கோயில் கேணி, வற்றிக் கிடந்தது. மிச்சம் ஒன்று.

காலையிலிருந்தே நான் அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். அட்டையில் முதலாவதாக நான் எழுதிய கிணறு என் வீட்டுக் கிணறு. மூன்று வட்டம். மறுமுனையிலிருந்து வந்தால் அதுதான் கடைசி. அப்பா வெட்டிய கிணறு. அடுத்த வளவில் இருந்த அண்ணருக்கும் அதில் பாதிப் பங்கு. கிணற்றடி அண்ணர் வீட்டுச் சமையல் குசினி யன்னலுக்கு நேரே. மாணிக்கம் அந்த வளவுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வராவிட்டால் இனி எந்த முகத்தோடு அவருக்கு முன்னால் சைக்கிள் ஓடுவது?

ஒழுங்கை முகப்பில் மாணிக்கம் சைக்கிளை விட்டு இறங்கினார். நேரம் போய்விட்டது, இதோடு விடுவோம் என்று சொன்னேன். வேறு ஆரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

"பதினாலு எண்டெல்லோ அட்டையிலை கிடக்கு, ஐயா."

குரலில் கோபம் இல்லை. பென்சிலைப் பிடித்தபடி நின்றார். எங்கள் வீட்டுக்குக் கோடு போடவும் அவர் தயார்தான், அது முகத்தில் தெரிந்தது. கோடு போட்டால் ஐயா அதைப் பார்ப்பார். ஐயாவை விடுங்கள், நான் பார்ப்பேன்.

படலையைத் திறந்து, வா என்றேன். என் மனைவி மனோன்மணி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மூக்குப்பேணி ஒன்று கொண்டு வா என்றேன். அவள் மாணிக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அண்ணரின் யன்னலைப் பார்த்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னத்தோடு திரும்பி வருவாள் என்று எனக்குத் தெரியாது. பத்து வருடம் ஒன்றாக வாழ்ந்த மனுசி, எனக்குத் தெரியவில்லை. மூக்குப்பேணியோடு வந்தாள், மூக்கு வைத்த பித்தளைக் குவளை, நாங்கள் குடிக்கும் பேணி. நான் துலாவில் அள்ளி நிறைத்து மாணிக்கத்தின் கையில் கொடுத்தேன்.

அவர் அண்ணாந்து ஊற்றவில்லை. உதட்டை வைத்து ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் வைத்துப் பார்த்து, விழுங்கினார். இன்னொரு மிடறு எடுத்தார்.

"ரெண்டு வட்டம், ஐயா. கொஞ்சம் உவர்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அப்பா வெட்டிய கிணறு. இவ்வளவு துணிந்து உள்ளே கூப்பிட்டுக் கொடுத்தால் உவர் என்கிறானே என்று அந்த ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததை மறைக்க மாட்டேன். பேணியை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் வைத்த மிச்சத்தைக் குடித்தேன். நாக்கில் நிறுத்திப் பார்த்தேன். உண்மையாகவே உவர். பிறந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு உவர்த்தது.

அண்ணரின் யன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவர் என்னோடு கதைக்கவில்லை. மாணிக்கம் யன்னலைப் பார்த்துவிட்டு, மூன்றாகவே கிடக்கட்டும் என்று சொல்வதுபோலப் பென்சிலைக் காதில் செருகப் போனார். அப்போதுதான் மனோன்மணி, புத்தூர்த் தித்திப்புத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவள், என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக் கதைத்தாள்.

"நீங்கள் ரெண்டையே போடுங்கோ. நான் கலியாணம் முடிச்சு வந்த நாளிலை இருந்து சொல்லுறன், உந்தத் தண்ணி உவர் எண்டு. இந்த வீட்டிலை ஆர் கேட்டது?"